மேலிடத்தின் உத்தரவும் முன்வரிசை நாற்காலியும்

அன்பும் மரியாதையும், அவற்றோடு வழக்கமான பயமும் கலந்த அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நான் நலம், இவர் நலம், மேலிடமும் இப்போதைக்கு நலம். அங்கே நீயும் அத்தானும், உன் பள்ளிக்கூடமும், உன் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிற அத்தனை பிள்ளைகளும், அவர்களைவிட வேகமாக மூடிக்கொள்கிற ஆசிரியர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், என் வயிற்றுக்குக் காது மெஷின் வைத்துக் கேட்டேன். பயந்துவிடாதே, புத்தி நேராகத்தான் இருக்கிறது. வேலை விஷயமாக, நான் காது டெஸ்ட் எடுக்கிற கிளினிக்கிலிருந்து ஒரு ஜோடி காது மெஷினை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மெஷின் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு குழாய் உண்டு. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரியே இருக்கும், முனையில் வட்டத் தகடு இருக்கிற இடத்தில் மெஷினைச் செருகிக்கொள்ள வேண்டும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, மெஷினைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா, உள்ளே ஒரு ஊரே நடக்கிறது! யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். யாரோ குறுகிய கழுத்துப் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் முனகிக்கொண்டு ஏறுகிறது. இந்தக் குடலோடு பதினொரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், சில நாள் குளியலறைத் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டு பேரம்கூடப் பேசியிருக்கிறேன். அது என்னதான் பேசுகிறது என்று ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டேனா? இல்லை. அந்த நேரம் பார்த்து இவர் காப்பியோடு வந்து நின்றார்.

"மேலிடத்துல என்ன சொல்றாங்க?"

"கூட்டம் நடக்குது. தீர்மானம் இன்னும் வரல."

"நான் பாத்ரூமைக் காலி பண்ணிடவா?"

"வேணாம், நீங்க போங்க. இன்னைக்குப் பேச்சுவார்த்தை சுமுகமாத்தான் போகுது."

குடலுக்கு மேலிடம் என்று பெயர் வைத்தது இவர்தான். நாம் என்ன திட்டம் போட்டாலும் கடைசி நேரத்தில் அங்கிருந்துதான் உத்தரவு வருகிறது, காரணம் கேட்க முடியாது, மேல்முறையீடும் கிடையாது. கீழே இருந்தால் என்ன, அதுதான் மேலிடம் என்பார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ ஓய்வு பெறுகிற நாளன்று பள்ளி அரங்கில் பாராட்டு விழா, நான் வந்தே தீரவேண்டும், அதுவும் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்காரவேண்டும் என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்து நான் என்ன செய்யவேண்டும் என்று நீ எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள் பேசுவது உனக்குக் கேட்காது. நான் சிரித்தால் நீ சிரிப்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டால் நீயும் அடக்கமாகக் குனிந்துகொள்வாய். நான் கை தட்டினால் தட்டுவாய், உன்னைப் பற்றிய வாக்கியம் என்றால் நான் தட்டும்போது நீ தட்டாமல் கும்பிடவேண்டும், அதற்கு நான் மூக்கைத் தொடுவேன். இப்படித்தானே எத்தனையோ விழாக்களை ஒப்பேற்றினோம். தலைமை ஆசிரியைக்குக் காது மந்தம் என்று அந்தப் பள்ளியில் இதுவரை ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கடைசி நாளில் தெரிந்துவிட்டால், இத்தனை வருஷம் நீ அதட்டி வைத்த கூட்டம் அத்தனையும் 'அடடா, இதுக்கா பயந்தோம்' என்று நினைத்துவிடுமே என்ற உன் பயம் எனக்குப் புரிகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போன முறை போனில் என் குடலைப் பற்றி உனக்கு விளக்கிய கதை உனக்கு நினைவிருக்கும். நீ 'என்ன? என்ன?' என்று கேட்கக் கேட்க, நான் குரலை ஏற்றிக்கொண்டே போய், 'இரத்தம் போகுதுக்கா' என்று கத்தி முடிக்கும்போது மாடி வீட்டுக்காரம்மா கையில் ஒரு டப்பாவோடு வாசலில் நின்றார். உள்ளே ஏதோ பச்சைப் பொடி. வெறும் வயிற்றில் மூன்று விரலால் எடுத்துப் போட்டுக்கொள்ளவேண்டுமாம். எதிர் வீட்டிலிருந்து இன்னொரு பொடி, அது கறுப்பு. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி என் குடல் சமாச்சாரம் எல்லாம் எழுத்து மூலம்தான்.

அக்கா, நீ எப்போதும் சொல்வாய்: "எல்லாம் மனசுதான். நீ ரொம்ப யோசிக்கிற. யோசனையைக் குறைச்சா வயிறு தானா சரியாயிடும்." நானும் சில காலம் யோசிக்காமல் இருப்பது எப்படி என்று தீவிரமாக யோசித்துப் பார்த்தேன். பிறகு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்த அன்று, திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன். "பாக்கணுமா? பெரும்பாலும் யாரும் கேக்க மாட்டாங்களே" என்றார். கல்லூரியில் தாவரவியல் படித்தவள் அல்லவா, எதையும் வெட்டித் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த சந்து மாதிரி இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளைந்து வளைந்து போகிறது. நன்றாக இருந்தது, அக்கா. கொஞ்ச தூரம் போனதும் சிராய்த்த முழங்கால் மாதிரி புண்கள். அதில் யோசனையையும் காணவில்லை, மனசையும் காணவில்லை. பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாகிறது, சில காலம் ஆறுகிறது, மறுபடி வருகிறது. முழுக்கத் தீர்க்க மருந்து இல்லை, அடக்கி வைக்க இருக்கிறது. நான் தினமும் போடுகிற மாத்திரை அதற்குத்தான். இப்போது நல்ல காலம் ஓடுகிறது. வலி எப்போதாவது எட்டிப் பார்க்கும். மாறாமல் இருப்பது ஒன்றுதான்: உத்தரவு வந்தால் உடனே எழுந்து போயாக வேண்டும். அந்த ஓட்டம் ஓடவேண்டி வருமோ என்கிற பயம் இருக்கிறதே, அது குடலைவிட நீளம்.

அந்தப் பயத்துக்கு இவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள், "பாத்ரூம் எங்க? எனக்குக் கொஞ்சம் அவசரம்" என்று தானே கேட்டுவிடுவார். போய்ச் சும்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவார். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, எல்லாம் பார்த்து வந்து எனக்குக் கண்ணாலேயே அறிக்கை தருவார். எனக்காகக் கேட்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. விளைவு, நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நோயாளி இவர்தான் என்று நம்புகிறார்கள். போன முறை அங்கே வந்தபோது அத்தான் தன் சகலையை மாடிக்குத் தனியே கூட்டிப்போய், தோளில் கை போட்டு, "கூச்சப்படாதீங்க. இந்த வயசுல ஆம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று ஒரு டாக்டரின் முகவரியைப் பையில் திணித்தாராம். இவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அந்தப் 'போன முறை' நான்கு வருஷத்துக்கு முன்னால். உன் பள்ளி ஆண்டு விழா. அதற்குப் பிறகு நான் அங்கே வரவில்லை, ஏன் என்று நீயும் கேட்கவில்லை. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் 'கல்வி என்பது ஒரு விளக்கு' என்று ஆரம்பித்து, எண்ணெய், திரி, சுடர் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் திரியில் இருந்தபோது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் பல்லைக் கடித்தேன். நீ மேடையில் பல்லைக் கடித்தாய். நான் வயிற்றை அழுத்திக்கொண்டு எழுந்தேன். நீயும் எழுந்தாய்! தலைமை ஆசிரியை எழுந்துவிட்டாரே என்று உதவித் தலைமை ஆசிரியர் எழுந்தார், மேடை முழுக்க எழுந்தது, மேடை எழுந்தபிறகு அரங்கம் உட்கார்ந்திருக்குமா? நான் நடுவழியில் ஓடுகிறேன், முதுகுக்குப் பின்னால் அலை மாதிரி ஊரே எழுந்து நிற்கிறது, விழா முடிந்தது என்று யாரோ நிறைவுப் பாடலைப் போட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் சுடருக்கு வரவே இல்லை. 'நேரம்னா நேரம்தான்னு நின்னுட்டாங்க பாத்தீங்களா, யாரா இருந்தா என்ன' என்று பெற்றோர்கள் உன்னை மெச்சிக்கொண்டே போனார்கள். நீ தப்பித்தாய். நான் இங்கே வந்து, இனி பஸ்ஸும் வேண்டாம், விழாவும் வேண்டாம், வீடு விட்டால் கிளினிக், கிளினிக் விட்டால் வீடு என்று சுருங்கிப் போனேன். ஏழு மணி நேரப் பயணத்தை நினைத்தாலே வயிறு கலங்குகிறது, கலங்குவது எனக்குக் கட்டுப்படியாகாது.

ஆகையால் இந்த முறையும் வர இயலாது என்று நாலு வரியில் எழுதி அனுப்பிவிடத்தான் இருந்தேன். அதற்குள் போன வாரம் கிளினிக்கில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்கு ஊசி மாதிரி மெல்லிய குரல். "காலமெல்லாம் விசில் ஊதி ஊதிக் காது போச்சு இவருக்கு. ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

"எனக்கு எல்லாம் கேக்குது. இவ பேசறது மட்டும்தான் கேக்கல. அதுக்கு எதுக்கு வைத்தியம்?" என்றார் அவர்.

எங்கள் டெஸ்ட் உனக்குத் தெரியும். சத்தம் புகாத சின்ன அறை. உள்ளே உட்காருகிறவர் காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாங்கள் மெல்லிய சத்தங்களை அனுப்புவோம், கேட்டால் அமுக்கவேண்டும். கண்டக்டர் உள்ளே காலை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "கதவே இல்லாத பஸ்ல வாழ்ந்த ஆளும்மா நான். அடைச்சீங்கன்னா மூச்சு முட்டிடும்." சரி, துணைக்கு நானும் உட்காருகிறேன் என்று உள்ளே போனேன். வெளியே மெஷினில் என்னோடு வேலை செய்கிற பெண். கிளினிக்கில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர், அவ்வளவு நேர்க்கோடு. கதவைச் சாத்தினாள். அந்த அறையின் அமைதி எப்படி இருக்கும் தெரியுமா, நம் இமை மூடித் திறப்பதே கேட்கிற மாதிரி இருக்கும். அந்த அமைதிக்காகவே காத்திருந்த மாதிரி என் வயிறு வாயைத் திறந்தது.

பெரியவர் பட்டனை அமுக்கினார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வயிறு மறுபடி உருட்டியது. மறுபடி அமுக்கினார். ஸ்கேல் மைக்கில், "ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க" என்றாள். "கேட்டுச்சும்மா, அமுக்கினேன்." அவள் ஹெட்போனில் கீச்சுச் சத்தங்களாக அனுப்பினாள், அவர் கல்லாக உட்கார்ந்திருந்தார். கைப்பையை வயிற்றின்மேல் வைத்து அழுத்தினேன். அழுத்தியதும் உள்ளே நீளமாக ஒரு சங்கதி போட்டது பார், அவர் கட்டைவிரலை எடுக்காமல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்!

ஸ்கேல் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே அந்த அம்மா.

"நான் சத்தம் அனுப்பினா சும்மா இருக்கீங்க. அனுப்பாதப்ப அமுக்குறீங்க. வேணும்னே பண்றீங்களா?"

"வேணும்னு பண்ணி எனக்கு என்னம்மா ஆகப்போகுது? பென்ஷனா கூடப்போகுது? கேக்குறதைத்தானே அமுக்குறேன்."

"இல்லாத சத்தமா கேக்குது?" என்றாள் ஸ்கேல், என்னைப் பார்த்து. "மேடம், டாக்டர்கிட்ட சொல்லித் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிடலாமா?"

அந்த அம்மாவின் முகம் சட்டென்று வெளுத்தது. "தலைக்குள்ளயா? தலைக்குள்ள என்னம்மா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நேரம் விறைப்பாக இருந்த கண்டக்டரும் பட்டனைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

பதினொரு வருஷமாக என் வீட்டுக்காரரின் அவசரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவள் நான். இங்கே இவரும் இல்லை. "தலைக்கு ஒண்ணும் இல்ல சார். அது என் வயிறு" என்றேன்.

அந்த நேரத்தில் என் வயிறே 'ஆமாம்' என்பதுபோல் ஒரு குரல் கொடுத்தது. பெரியவர் பழக்கதோஷத்தில் பட்டனை எடுத்து அமுக்கினார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெருங்குடலில் புண், வரும், போகும், தீராது, அடக்கி வைத்திருக்கிறோம் என்று. நான்கு பேர் நிற்கிற இடத்தில் அந்த வார்த்தைகளை முதல்முறையாகச் சொல்கிறேன், கூரை இடிந்து விழவில்லை. ஸ்கேல் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, "அதனாலதான் தினமும் அடிக்கடி மாடிப் பாத்ரூமுக்குப் போறீங்களா? யார்கூடவோ ரகசியமா போன் பேசறீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்! ஆள் யாருன்னுகூட முடிவு பண்ணிட்டோம் மேடம்" என்றாள். அந்த ஆள் யார் என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனைக்காரராம். அக்கா, எனக்கு வருத்தம் வரவேண்டும், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு விசித்திரம். உருட்டுகிற மாதிரித் தணிந்த சத்தம் எவ்வளவு மெல்லியதானாலும் அவருக்குக் கேட்கிறது. கீச்சென்ற சத்தம்தான் சுத்தமாக விழவில்லை. மனைவியின் குரல் இரண்டாவது ரகம். மெஷின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் என் குடல் கண்டுபிடித்துவிட்டது. விளக்கிச் சொன்னதும் அவர் மனைவியைப் பார்த்து, "கேட்டியா? இனிமே நீ வயித்தால பேசு" என்றார்.

சோதனைக்காக ஒரு மெஷினை அவர் காதில் பொருத்திக்கொண்டிருந்தபோது, "பஸ்ல எல்லாம் போவீங்களாம்மா?" என்று கேட்டார். பயம், போவதில்லை என்றேன். எந்த வழி என்று கேட்டார். உன் ஊர் வழியைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நடுவுல நீலக் கூரை போட்ட பெட்ரோல் பங்க்ல வண்டி நிக்குமே, தெரியுமா?"

தெரியாமலா? நாம் இருவரும் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், அக்கா! சுற்றிலும் வீடில்லை, ஊரில்லை, ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, எல்லா பஸ்ஸும் அங்கே போய் எதற்காக நிற்கிறது என்று.

"அது எங்க டிரைவர் ஸ்டாப்பும்மா. அவனுக்கும் உங்க வியாதி மாதிரித்தான் ஏதோ ஒண்ணு. பேரெல்லாம் தெரியாது. அந்த இடம் வந்தா வண்டியை ஓரங்கட்டிட்டு ஓடுவான். நான் கீழ இறங்கி டயரைத் தட்டிப் பாக்குற மாதிரி நிப்பேன், ஜனங்க ஏதும் கேக்காம இருக்கணுமே. நாங்க நிக்கிறதைப் பாத்துப் பின்னால வந்த வண்டியும் நின்னுச்சு. வண்டி நிக்குதேன்னு ஒருத்தன் டீக்கடை போட்டான். கடை இருக்கேன்னு ஆபீஸ்ல போர்டு வச்சுட்டாங்க. அவன் ரிட்டயராகிப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் எல்லா வண்டியும் நிக்குது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால உக்காருங்க. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நிறுத்தாம எங்கம்மா போயிடுவான்?"

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் குடல் நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தம் கட்டியிருக்கிறது. அவருக்கும் வலித்திருக்கும். வண்டி நிறையப் பயணிகளை வைத்துக்கொண்டு அவரும் பல்லைக் கடித்திருப்பார். ஆனாலும் ஓய்வு பெறும்வரை ஓட்டியிருக்கிறார்.

சரி, பஸ் பயம் பாதி போயிற்று என்றே வைத்துக்கொள். முன்வரிசை என்ன ஆவது? நடு நாற்காலியிலிருந்து நான் பாதியில் எழுந்தால் நீயும் எழுவாய், உன் பாராட்டு விழாவை நீயே முடித்து வைப்பாய். எழாமல் தாக்குப்பிடித்தால் என் முகம் கோணும், உன்னைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவருக்கு முன்னால் உன் முகமும் கோணும். எப்படிப் பார்த்தாலும் நான் வருவது உனக்கு நல்லதில்லை. ஆகையால் மன்னித்துக்கொள் அக்கா, வர இயலாது. அத்தானையோ, உன் நாத்தனாரையோ அந்த நாற்காலியில் உட்கார வை. அத்தானுக்கு எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாது, பரவாயில்லை, இரண்டு பேரும் சிரிக்காமல் இருந்தால் கண்டிப்பானவர்கள் என்று மரியாதை கூடும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். ஓய்வுக்குப் பிறகு அதட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் நீ தவிக்காதிருக்கவும், அத்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் கோபத்துக்குப் பாத்திரமான,
தங்கை

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டாய் அல்லவா, இனி மறந்துவிடு. உறையை ஒட்டப் போகும்போது மேலிடம் ஒரு முறை முனகியது. காலையில் கேட்ட அதே லாரி, மேட்டில் ஏறி முடித்து இறங்குகிற சத்தம். நான் வருகிறேன். விழாவுக்கு முந்தின நாள் காலை பஸ், டிரைவருக்குப் பின் சீட். நீலக் கூரையில் அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கி, அந்த டிரைவரின் பேரில் ஒரு டீ குடிப்பேன். ஆனால் முன்வரிசையில் உட்கார மாட்டேன். கடைசி வரிசை, கதவோரம். என் முகம் உனக்குத் தெரியாது. நான் எத்தனை முறை எழுந்து போனாலும் நீ உட்கார்ந்தே இருக்கலாம். இந்த முறை நீயே கேட்டு நீயே சிரிக்கவேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது, 'சும்மா வேடிக்கைக்கு' என்று எங்கள் அறையில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்துக்கொண்டு, 'உங்க மெஷின் சரியில்ல' என்று எழுந்து போனாயே, அந்த கிராஃப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்குத் தகுந்தபடி சரிசெய்துதான் ஒரு ஜோடியை எடுத்து வந்திருக்கிறேன். முடிக்குள் மறைந்துவிடும், ஒரு பயலுக்கும் தெரியாது. யாராவது பார்த்துக் கேட்டால், பார்க்கட்டும், சொல்லிவிடு; எனக்குக் கூரை இடிந்து விழவில்லை. அத்தானிடம் அவர் சகலையின் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நான் வரப்போவது இவருக்குக்கூட இன்னும் தெரியாது. வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஆட்சேபிக்கவில்லை. ஆமாம், இன்று காலை தொப்புளில் வைத்துக் கேட்டது உன் மெஷின்தான். நன்றாகத் துடைத்துவிட்டேன்.